ஏழாம் எண் வீட்டின் சூடு

அந்தத் தெருவில் பூட்டிக் கிடந்த பதினொரு வீடுகளுக்கும் சாவி ஒருத்தியிடம்தான் இருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே பாதி மறந்துபோய், எல்லோருக்கும் சாவியக்கா ஆகிவிட்டாள். வாரத்துக்கு இரண்டு தடவை போய் ஜன்னல்களைத் திறந்து காற்றாட விடுவாள், தூசி தட்டுவாள், குழாயில் துருத்தண்ணீர் போகும்வரை திறந்து வைப்பாள், மறுபடி பூட்டிக்கொண்டு வருவாள். இருபது வருஷத்தில் ஒரு வீட்டிலிருந்தும் ஒரு கரண்டிகூடக் காணாமல் போனதில்லை. ஊர்ப் பூட்டுக்கெல்லாம் சாவி வைத்திருக்கிறவள் தன் வாய்க்கு மட்டும் பூட்டு வாங்கவில்லை என்று தெருவில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் மூன்று மாதமாக ஒரு விஷயத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

தெருமுனைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஏழாம் எண் வீடு. அங்கே தனியாக இருந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். மனைவி இல்லை, ஒரே மகள் தூர தேசத்தில். அவருக்குக் கால் இரண்டும் விளங்காது. கட்டிலிலிருந்து பக்கத்து நாற்காலிக்கு மாறுவதே பெரிய பிரயாணம். மகள் கேட்டுக்கொண்டதால் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் சாவியக்காதான் போய்ப் பார்த்துக்கொண்டாள். வாத்தியாருக்கு எந்நேரமும் குளிரும். ஹீட்டரோ அறையின் அந்தக் கோடியில். அதனால் மகள் சொல்லி ஒயர்மேன் வந்து, ஹீட்டருக்கும் சுவர் பிளக்குக்கும் நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை மாட்டினான். அதுதான் ரிசீவர். தீப்பெட்டி அளவு ரிமோட் ஒன்றை வாத்தியார் கையில் கொடுத்தான். பச்சையை அமுக்கினால் ஹீட்டர் எரியும், சிவப்பை அமுக்கினால் அணையும்.

"அக்கா, நல்லா கேட்டுக்குங்க. இது டிவி ரிமோட் மாதிரி நேரா காட்டணும்னு இல்ல. ரேடியோ. சுவர், கதவு எல்லாத்தையும் தாண்டிப் போவும். அதனால ரிமோட் இந்த ரூமை விட்டு வெளிய போகவே கூடாது. ஹீட்டரைக் கண்ணால பாக்காம பச்சையை அமுக்கக் கூடாது. முன்னால துணி, நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது" என்றான்.

"பதினோரு வீட்டுச் சாவியை மேய்க்கிறவ நான். எனக்கா பாடம் எடுக்கிற?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள் சாவியக்கா. வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் கடைசி.

அவர் போனது அவளுடைய அண்ணன் மகள் கல்யாணத்தன்று. மத்தியானம் வந்து அவருக்குச் சாப்பாடு கொடுத்து, படுக்கையை மாற்றி, இரவுக்கு வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஓடினாள். சாயங்காலம் வரவில்லை. ஒரே ஒரு சாயங்காலம். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது அறை ஜில்லென்று கிடந்தது. ஹீட்டர் எரியவில்லை. வாத்தியார் கட்டிலில் பாதி, தரையில் பாதியாகச் சரிந்திருந்தார். தலையணைகள் கீழே. மெத்தையின் ஒரு முனை புரட்டியிருந்தது. மேஜை இழுப்பறை வெளியே வந்து விழுந்து கிடந்தது. இதயம் நின்றுவிட்டது, வயசும் ஆகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கடைசி நேரத்தில் ரொம்ப அவஸ்தைப்பட்டிருக்கிறார், பாவம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து மகள் ஊருக்குத் திரும்பும்போது, "வீட்டை வித்துடலாம்னு இருக்கேன் அக்கா. பாக்க ஆளுங்க வருவாங்க, மெயினை மட்டும் அணைச்சிடாதீங்க" என்றாள். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவை நீங்க பாத்துக்கிட்ட மாதிரி நானே பாத்திருக்க மாட்டேன்" என்று அழுதாள். அந்த ஒரு சாயங்காலம் சாவியக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் தனியாகப் போனாள். படியேறி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் வழக்கம்போல நின்று, தோள்பைக்குள் கையை விட்டுத் துழாவிச் சாவிக்கொத்தை எடுத்தாள். மூன்றாம் மாடி ஏறிக் கதவைத் திறந்தாள். உள்ளறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

கம்பிகள் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தன. வீடு முழுக்கப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை. ஜன்னல்கள் தாழிட்டபடியே இருந்தன. தரைத் தூசியில் அவள் காலடி மட்டும். வெள்ளைப் பெட்டியிலேயே இருந்த பொத்தானை அமுக்கி அணைத்தாள். ரிமோட்டைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில், இழுப்பறையில், அலமாரிக்குப் பின்னால், எங்கும் இல்லை. வெள்ளிக்கிழமை போனாள். அப்போதும் கம்பிகள் சிவந்துகொண்டிருந்தன. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. அவள் வருவது தெரிந்து யாரோ முன்கூட்டியே ஹீட்டரைப் போட்டு வைத்த மாதிரி.

வேறு ஒருத்தியாக இருந்தால் சாவியைக் கடாசிவிட்டு ஓடியிருப்பாள். சாவியக்காவுக்கும் முதல் இரண்டு வாரம் பயமாகத்தான் இருந்தது. அப்புறம் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சார் தன்மேல் கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் யாராவது வீட்டைச் சூடாக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்களா? அவர் நாற்காலியை இழுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் போட்டாள். அவருடைய பழுப்புச் சால்வையை அதன் முதுகில் போர்த்தினாள். எதிரே தரையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசிவிட்டு, அணைத்துவிட்டு வருவாள். ஒரு நாள் பேசிக்கொண்டே இருந்தவள் சால்வையைத் தொட்டுப் பார்த்தாள். ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி அது கதகதவென்று இருந்தது. அவள் உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுந்து போக மட்டும் மனம் வரவில்லை.

இந்த வாரம்தான் அதே கட்டடத்து நாலாம் மாடி வீட்டின் சாவியும் அவளிடம் வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை முற்பகல். ஏழாம் எண்ணுக்குப் போகும் நாள் அல்ல. அந்தக் கதவைத் தாண்டி நேரே மேலே ஏறி, புதுச் சாவி எது என்று பையைப் புரட்டி எடுத்துத் திறந்து, ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். கம்பளி கருகும் நாற்றம் கீழேயிருந்து வந்தது.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஏழாம் எண் வீட்டில் புகை இடுப்பளவுக்கு நின்றது. சால்வையின் ஓரம் சிவந்து சுருண்டு, நாற்காலியின் பிரம்பைப் பிடித்திருந்தது. வெறுங்கையால் இழுத்துக் கீழே போட்டு மிதித்தாள். வாளித் தண்ணீரை நாற்காலிமேல் கொட்டுமுன் மெயினை இறக்கினாள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. காலிக் கட்டிலைப் பார்த்து, "என்ன சார் இது? என்னை எரிக்கப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அன்றைக்கே ஒயர்மேனுக்குப் போன் செய்தாள். முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். தூர தேசத்து மகளுக்கும் சொன்னாள்.

மறுநாள் ஒயர்மேன் வந்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீங்க பகல்லயே பேயைப் பாத்திருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். பழுதே இல்லை. மறுபடி மாட்டி, ஹீட்டருக்கு முன்னால் இருந்ததை எல்லாம் நகர்த்திவிட்டு மெயினைப் போட்டான்.

"அக்கா, வழக்கமா எப்படி வருவீங்களோ அப்படியே தெருவுலேருந்து ஏறி வாங்க. நான் இங்கயே உக்காந்து பாக்கறேன்."

அவள் இறங்கிப் போய், திரும்ப ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பழக்கதோஷத்தில் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். மேலேயிருந்து ஒயர்மேனின் குரல் கேட்டது. "அங்கயே நில்லுங்க! இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே. சாவி எடுத்தேன்."

"பெட்டியில டக்குனு சத்தம் கேட்டுச்சு. பையைக் கொண்டாங்க."

பையைத் தரையில் கவிழ்த்தான். பதினோரு வீட்டுச் சாவிகளோடு புதுச் சாவியும், ஒரு சீப்பும், மாத்திரை அட்டையும் விழுந்தன. பை காலியான பிறகும் அடியில் ஏதோ கனத்தது. உள்துணி ஓரத்தில் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலுக்குள் இரண்டு விரலை விட்டு, ரிமோட்டை எடுத்தான்.

"வெண்ணெயைக் கையில வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையா இருக்கே! சாவிக்கொத்து இது மேல அழுந்தறப்பல்லாம் ஹீட்டர் எரிஞ்சிருக்கு. பேயைத் தோள்லயே தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்க." ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றினான். ரிசீவர் நினைவிலிருந்து அதை அழித்தான். ஹீட்டரைப் பிளக்கிலிருந்தே பிடுங்கிவிட்டான். "இனிமே நிம்மதியா தூங்குங்க. ஆமா, இது எப்படி உங்க பைக்குள்ள வந்துச்சு?"

சாவியக்கா காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று மத்தியானம் படுக்கையை மாற்றினாள். வெயில் இருந்ததால் ஹீட்டர் அணைந்திருந்தது. அழுக்கு விரிப்பை நாலு மூலையும் சேர்த்துச் சுருட்டி, அவசரத்தில் உள்ளே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று உதறிக்கூடப் பார்க்காமல், வீட்டில் துவைத்துக்கொள்ளலாம் என்று இந்தப் பைக்குள்தான் திணித்தாள். கதவைச் சாத்தும்போது உள்ளேயிருந்து வாத்தியார் கூப்பிட்டார். "சாவிம்மா... சாவிம்மா..."

"தலைக்கு மேல வேலை கிடக்கு சார், காலையில வர்றேன்" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

தலையணைகள் கீழே. மெத்தையின் முனை புரட்டியிருந்தது. இழுப்பறை வெளியே விழுந்து கிடந்தது. அது சாவோடு போராடிய அவஸ்தை அல்ல. இருட்டும் குளிரும் ஏற ஏற, எழுந்து நடக்க முடியாத மனுஷன் இராத்திரி முழுக்க ரிமோட்டைத் தேடியிருக்கிறார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, கை வலிக்குதா?" என்றான் ஒயர்மேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் மடியில் இருந்த போன் அடித்தது. மகள்தான்.

"என்னக்கா ஆச்சு? ஒயர்மேன் வந்தாரா? நான் ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல."

"வந்தாரும்மா. ரிமோட் கிடைச்சிடுச்சு."

"அப்பாடா! அதானா விஷயம்? எங்க இருந்துச்சு?"

பையில் இருந்தது என்று சொல்லிவிட்டு வாயைப் பூட்டிக்கொள்ளலாம். ஒயர்மேனுக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது, டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார். வாத்தியார் உயிரோடு இருக்கும்போதே அந்த வீட்டிலிருந்து ஒரு பொருள் காணாமல் போயிருந்தது என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"எங்கிட்டதாம்மா இருந்துச்சு" என்றாள் சாவியக்கா. "அப்பா போன அன்னிக்கி மத்தியானத்துலேருந்து."