எங்கள் வம்சத்திலேயே இல்லாத நோய்

போன வாரம் என் பேத்தி கவிதா ரெண்டு தோசை தின்றுவிட்டு மூன்றாவது கேட்டாள்! இதெல்லாம் ஒரு செய்தியா என்பீர்கள். எங்கள் வீட்டில் இதுதான் தலைப்புச் செய்தி.

ஏழு வயதுப் பெண். ஆறு மாதமாக வயிறு மட்டும் உப்பி, கை கால் குச்சியாகி, சாயங்காலமானால் காய்ச்சல் என்று கிடந்தாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். நான் என் பங்குக்கு விளக்கெண்ணெய் தடவினேன், திருஷ்டி கழித்தேன். பொம்மனஹள்ளியிலிருந்து பஸ் பிடித்து எத்தனை ஆஸ்பத்திரி... என் முழங்காலைக் கேளுங்கள். ஓசூர் ரோடு டிராபிக்கைப் புலம்ப ஆரம்பித்தால் பத்திரிகையில் எனக்கு ஒதுக்கிய இந்தப் பத்தி அதிலேயே தீர்ந்துவிடும்.

போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி — "வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துச்சா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது!" நான்தான் முந்திக்கொண்டு சொல்வேன்.

பச்சைப் பொய். ரெண்டு வருஷம் முன்னால் என் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் அந்த மாத்திரை சாப்பிட்டவர். அப்போதுதான் சின்ன மகளுக்கு அத்திபெலேயில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். விஷயம் தெரிந்தால் பெண் எடுப்பார்களா? கவிதாவின் அம்மா, என் மருமகள் சாந்தியிடம்கூட 'வாயு மாத்திரை' என்றுதான் சொன்னேன். (எனக்கு எழுதத் தெரியாது; நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அவள்தான். பேனாவை நிறுத்தி முறைக்கிறாள்.)

கடைசியாகப் பார்த்த கன்னடக்கார டாக்டரம்மா ஸ்கேனைத் தூக்கிப் பிடித்தார்.

"நோடி அஜ்ஜி, பாருங்க பாட்டி, வயித்துக்குள்ள கட்டி கட்டியா இருக்கு. டி.பி.யா, கேன்சரான்னு தெரியல. ஆபரேஷன் பண்ணி ஒரு துண்டு எடுத்துப் பாக்கணும்."

சாந்தி கவிதாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கத்தி வைக்காதீங்கம்மா... எங்க வீட்டுக்காரருக்கு அது இருந்துச்சு" என்று நான் உடைத்துவிட்டேன்.

"அய்யோ அஜ்ஜி! இத முதல்லயே சொல்லக் கூடாதா?"

சாந்தி என் பக்கம் திரும்பாமல் ஸ்கேனை வாங்கிப் பையில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். வயிற்றிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். டி.பி.யேதான். கத்தி வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். ரெண்டு மாதத்தில் காய்ச்சல் போய், பசி வந்தது.

ஆனால் டாக்டரம்மா எனக்கும் ஒரு வேலை வைத்தார். "கொழந்த பழகின எல்லாரையும் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வாங்க." லீவு விட்டால் கவிதா இருப்பது அத்திபெலேயில், அவள் அத்தை, என் சின்ன மகள் வீட்டில்!

போனேன். வேறு வழி? மகளைப் பெட்டியோடு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அந்தம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தி... எங்க வீட்டுக்காரரும் அந்த மாத்திரதான் சாப்ட்டாரு. சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பீங்களா?"

பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று ஜோசியர் அடித்துச் சொன்னார் — நான்தான் நம்பவில்லை!