நூலின் மறுமுனை

என் வீட்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுபவர். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். ஒரு வெள்ளைச் சுவரைக் காட்டினால் போதும், பிரஷ்ஷும் கையுமாகச் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். லாரிகளின் பின்பக்கம் எழுதி வளர்ந்த கை. என்னை முதன்முதலில் பார்க்க வந்தபோதுகூடக் கட்டைவிரலில் சிவப்புப் பெயின்ட் காயாமல் இருந்தது.

என் தம்பியோ எங்கள் தெருவிலேயே எதிர்ச்சாரியில் ஃப்ளெக்ஸ் கடை போட்டான். கம்ப்யூட்டரில் தட்டினால் ஆள் உயர எழுத்து அச்சாகி வந்து விழும். கடை திறந்த அன்று இவர் சும்மா இருந்திருக்கலாம். "என்ன மாப்ள, படுதாக் கடையா?" என்று கேட்டுவைத்தார். அவன் விடுவானா? "நீங்க ஒரு எழுத்த முடிக்கிறதுக்குள்ள நான் தெருவையே முடிச்சிருவேன் மாமா" என்றான். அதோடு பேச்சு நின்றது. ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிட்டவன் வாசல் பக்கமே வரவில்லை. அந்த ஒரு தட்டு குறைந்தது எனக்கு ஆறவே இல்லை.

கடைசியில் காற்றுதான் எனக்குக் கைகொடுத்தது. தம்பியின் கடை தெருமுனையில் இருக்கிறது. அவன் கட்டிய பேனர் எதுவும் அங்கே தாக்குப்பிடிக்கவில்லை, எல்லாம் கிழிந்து தொங்கின. ஊருக்கெல்லாம் பெயர் அடித்துக் கொடுப்பவன் கடைக்குப் பெயரில்லை என்று தெருவே சிரித்தது. சுவரில் எழுதினால்தான் நிற்கும் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் மாமாவிடம் கேட்க ரோஷம். இவருக்கோ அவன் வாயால் கேட்டாக வேண்டும். இரண்டு வீம்புக்கும் நடுவில் நான் எத்தனை நாள் கிடந்து சாவது? மாமாவே எழுதித் தருவதாகச் சொன்னார் என்று தம்பியிடம் சொன்னேன். தம்பி கேட்டான் என்று இவரிடம் சொன்னேன். இரண்டும் பச்சைப் பொய். எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

எழுதுவதற்கு முன் சுவரில் நேர்கோடு போட வேண்டும். நூலில் நீலப் பொடி தடவி, ஆளுக்கொரு முனையை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். மறுமுனையைப் பிடிப்பது எப்போதும் என் வேலை. அன்று, அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன் என்று சொல்லி, அதைத் தம்பி கையில் திணித்துவிட்டு நடையைக் கட்டினேன். நூல் பிடிப்பவர்கள் பேசாமல் இருக்க முடியாது. ஒருவர் முனை இறங்கினால் மற்றவர்தான் சொல்லியாக வேண்டும்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். இருவரும் நூலைப் பிடித்தபடி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பியின் முனை இறங்கியிருந்தது. அப்புறம் இவர் குரல் கேட்டது.

"கொஞ்சம் ஏத்துப்பா."

"போதுமா மாமா?"

மதியம் இருவரும் ஒன்றாக வந்தார்கள். கையிலும் மூக்கிலும் நீலப் பொடி, முகம் மட்டும் உர்ரென்று.

"ஏங்க்கா, மாமா எழுதித் தரேன்னு சொல்லவே இல்லையாமே?"

இவன் கேட்கவே இல்லையாம் என்று இவர் எடுத்துக் கொடுத்தார்.

"சின்னப் புள்ளைல இருந்தே இவ புளுகுணி மாமா."

"என்கிட்டயா சொல்ற மாப்ள?"

ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, மாற்றி மாற்றி என்னைத் திட்டினார்கள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்நாளிலேயே இல்லை.

"கையக் கழுவிட்டு வந்து திட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மூன்று தட்டுகளை எடுத்து வைத்தேன்.