மறுகால் பாய்ந்த அன்று

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எனக்கு வேலை. கல்யாணம் முடிந்து, மில்லுக்குப் பக்கத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். என் மனைவி கான்சாபுரத்துக்காரி. மலையடிவாரத்தில், கண்மாய்க்கரையை ஒட்டிய வீட்டில் அண்ணன்மாரோடு வளர்ந்தவள். ஆடி ஆவணியெல்லாம் நன்றாகத்தான் இருந்தாள். ஐப்பசி பிறந்ததும் ஆளே மாறிவிட்டாள்.

மேற்கே மலை கறுத்தால் போதும், சட்டியில் தாளிப்பு கருகினாலும் பரவாயில்லை என்று தெருவுக்கு வந்து நிற்பாள். உட்காருவாள், எழுந்திருப்பாள், மறுபடி வாசலுக்குப் போவாள்.

"மலையில கொட்டுது. கண்மாய் நெறஞ்சு மறுகால் பாஞ்சிருக்கும்ங்க."

"பாயட்டும். நமக்கென்ன?"

"அந்தத் தண்ணிய எதுத்துத்தான மீனு ஏறும்? ரெண்டு நாளுதான். பொறவு ஒண்ணும் இருக்காது."

லீவு கிடைக்காது என்றேன். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. சாவியைக் கொடுத்த பக்கத்து வீட்டம்மா, கான்சாபுரத்துப் பக்கம் பிளவக்கல் அணையைத் திறந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னதும் ஊருக்குப் பஸ் ஏறப் போய்விட்டாள் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து வத்திராயிருப்பு பஸ் பிடித்தேன். அதற்கப்பால் ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, பஸ் போகாது என்று இறக்கிவிட்டார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். போய் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நிரம்பிய கண்மாயின் உபரித் தண்ணீர் கலுங்கு என்ற கல் தடுப்பின் மேல் வழிந்து, கீழே ஓடையாகப் பாய்ந்துகொண்டிருந்தது. ஓடையின் குறுக்கே கல்லும் முள்ளும் போட்டு அடைத்து, நடுவில் மட்டும் ஒரு வழி விட்டிருந்தார்கள். அந்த வழியில் மூங்கில் குச்சியில் பின்னிய தூரியை, வாய் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து, இடுப்பளவு தண்ணீரில் அதை அணைத்துப் பிடித்தபடி நின்றிருந்தாள் என் மனைவி. நீரை எதிர்த்து ஏறி வரும் கெளுத்தியும் கெண்டையும் நேரே அதற்குள் போய் விழும். வெளியே வர வழியில்லாத பின்னல். அவளுடைய மூத்த அண்ணன் எதிர்க்கரையில் கூடையோடு நின்றார்.

"ஏட்டி! யாரக் கேட்டு வந்த?" என்று கத்திக்கொண்டே ஓடையில் இறங்கினேன்.

"அங்க எறங்காதீய! பள்ளம்!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் கால் வழுக்கியது. எனக்கு நீச்சல் தெரியாது. வாயிலும் மூக்கிலும் செந்தண்ணீர் ஏற, ஓட்டம் என்னை அவள் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. தூரியை விட்டுவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்தாள். அண்ணன் குதித்து வந்து தூக்கினார். கரையில் கிடந்து இருமினேன். தூரி, அதிலிருந்த மீன்களோடு, ஓடையில் புரண்டு போய்க்கொண்டிருந்தது.

"மாப்ளைக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று அண்ணன் முதுகைத் தட்டினார்.

அவள் என் தலையைத் தன் ஈர முந்தானையால் துவட்டினாள். ஆனால் கண் ஓடையில் இருந்தது.

"வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"செத்த நேரம் இருங்க. இன்னொரு தூரி கெடக்கு" என்று எழுந்து ஓடினாள்.

கோபப்பட என்னிடம் தெம்பில்லை. குளிரில் வெடவெடத்தபடி கரையில் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணனை அதட்டினாள், சிரித்தாள், கெளுத்தி முள் குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு மறுகையால் கூடையை இழுத்தாள். அந்த வரிசை வீட்டில் இத்தனை மாதமும் என்னோடு இருந்தவள் வேறு யாரோ என்று தோன்றியது. அந்த எண்ணம் தண்ணீரில் விழுந்ததைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது.

தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு மாற்றினோம். நான் பஸ்ஸில் மில்லுக்குப் போய்வந்தேன். அவளுக்குக் கான்சாபுரம் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. அதன்பின் அமைதியாகிவிடுவாள் என்று நினைத்தேன். வெயில் ஏறி கண்மாய்கள் வற்றத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டால் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அதைத்தான் கண்மாய் அழிகிறது என்பார்கள். அந்தச் சேதிக்காக வருகிற போகிறவர்களையெல்லாம் நிறுத்தி விசாரித்தாள்.

அந்த முறை நானே லீவு போட்டேன். கரையில் ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் கூட்டம் சேற்றில் பாய்ந்தது. அடியும் மேலும் திறந்த ஊத்தா என்ற கூடையைச் சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். நான் அமுக்கிய இடத்திலெல்லாம் சேறுதான். ஒரு தடவை மட்டும் உள்ளே ஏதோ பலமாக மோதியது. கையை விட்டேன். வழுவழுவென்று உருண்டு திரும்பியது.

"விராலு! செவுளப் புடிங்க!" என்று அவள் அலறினாள்.

பிடித்துவிட்டேன். அன்றைக்கு அதன்பின் என்னாலும் கரையில் உட்கார முடியவில்லை.

திரும்பும்போது சேற்று நாற்றம் தாங்காமல் கண்டக்டர் எங்களைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார். அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, வழியில் தெரிந்த இன்னொரு கண்மாயைக் காட்டினாள்.

"அண்ணாச்சி, இது எப்ப அழியுது?" என்று கண்டக்டரைக் கேட்டது நான்தான்.