நடுவில் பெய்த மழை: பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து ஒரு புறா

பாகான் நக்கோடா ஓமாருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கடலோர மீன்பிடிக் கிராமம், கூட்டம் குறைவு, எங்கள் ஊர் ரவாங்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனதற்குக் காரணம் கடல் இல்லை. பக்கத்து வீட்டுக் குணா அண்ணனின் கார் பட்டறையில் கிடந்தது. அவருடைய புறாவைக் கொண்டுபோய்ப் பறக்கவிட ஒரு கார் வேண்டியிருந்தது.

குணா அண்ணனுக்குத் தொழிற்சாலையில் சுமை தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டும் வேலை. மீதி நேரமெல்லாம் பந்தயப் புறாதான். வீட்டுப் பின்புறம் பலகையும் கம்பிவலையும் வைத்து ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய கூண்டு கட்டியிருக்கிறார். அவர் மனைவி கலா அண்ணிக்கு அந்தக் கூண்டைக் கண்டாலே ஆகாது. துணி காயப்போடும் இடத்தைப் புறாவுக்குக் கொடுத்துவிட்டாரே என்ற கோபம். கட்டிய நாளிலிருந்து அதற்குள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை.

அன்று கொண்டுபோனது ஒரே ஒரு சாம்பல்நிறப் பெட்டையை. அடையில் இருந்தது. முட்டை இரண்டும் அன்றோ மறுநாளோ பொரிக்க வேண்டியவை. அப்படிப்பட்ட பெட்டைதான் வேறெங்கும் சுற்றாமல் நேராக வீடு பார்த்துப் பறக்குமாம். அடுத்த பந்தயமும் அதே பாகானிலிருந்துதான் என்பதால் ஒரு வெள்ளோட்டம். கேட்டதும் எனக்குக் கொடுமையாகப் பட்டது, சொல்லியும் விட்டேன். பகலில் ஆண் புறா அடையில் உட்காரும், சாயங்காலம் நாலரை வாக்கில் எழுந்துவிடும், அதற்குப் பிறகு காலைவரை பெட்டையின் முறை என்று அவர் விளக்கினார். மதியத்துக்குள் பெட்டை வீடு சேர்ந்துவிடும், முட்டைக்கு ஒரு குறையும் வராது என்றார்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பெஸ்தாரி ஜெயா வரைக்கும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். லோரிகளுக்குப் பின்னால் பொறுமையாகத்தான் போக வேண்டும். அங்கே சாலையோரத்தில் மாரி அண்ணன் கடையில் தோசையும் தே தாரேக் என்கிற ஆற்றிய தேநீரும், இரண்டு பேருக்கும் பதினொரு வெள்ளிதான் செலவு. பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். புறாப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, கறி வைக்கவா என்று கேட்டார். நான் சிரித்தேன். குணா அண்ணன் சிரிக்கவில்லை.

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் என்று கடலோரச் சாலையில் வடக்கே போனோம். செகிஞ்சானில் வயல் பச்சைப் பசேலென்று கிடந்தது. படம் எடுக்க இறங்கினேன், "புறாவுக்குச் சூடு தாங்காது தம்பி" என்று குணா அண்ணன் உடனே கூப்பிட்டுவிட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். சுமார் நூற்று இருபது கிலோமீட்டர் கடந்து பத்து மணிக்குப் பாகானில் இருந்தோம்.

படகுகள், காயவைத்த வலைகள், பெலாச்சான் என்கிற இறால் விழுதின் வாசம். ஆனால் கடல்மேல் மூட்டமாக இருந்தது. மூட்டத்தில் விட்டால் புறா திசை தடுமாறும் என்று காத்திருந்தோம். பதினொன்றரைக்குத்தான் வெயில் வந்தது. அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டு அங்கே வானம் எப்படி என்று கேட்டார். நல்ல வெயில், துணியெல்லாம் காய்ந்தாயிற்று என்றார் அண்ணி. அண்ணன் பெட்டியைத் திறந்தார். பெட்டை எங்கள் தலைக்குமேல் இரண்டு வட்டம் போட்டுத் தென்கிழக்கே போய் மறைந்தது. பறவைக்கு நேர்வழி. தொண்ணூறு கிலோமீட்டர்தான் இருக்கும், ஒன்றரை மணி நேரம் போதும் என்றார்.

ஒரு மணிக்கு வரவில்லை என்று அண்ணி போனில் சொன்னார். ஒன்றரைக்கும் வரவில்லை. நான் இறால் போட்ட மீ நூடுல்ஸ் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. அண்ணன் தட்டைத் தொடவில்லை. கிளம்பலாம் என்றார்.

சுங்கை பெசார் தாண்டியபோது உள்நாட்டுப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்ததைப் பார்த்தோம். எங்கள் தலைக்குமேல் வெயில். ரவாங்கிலும் வெயில் என்று அண்ணி மறுபடி சொன்னார். குணா அண்ணன் அந்தக் கறுப்பைக் கையால் காட்டினார்.

"விடற எடத்தப் பாத்தேன், வீட்டப் பாத்தேன். நடுவுல என்னா இருக்குன்னு பாக்கலயே தம்பி."

புறாக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்களாம். இரண்டு முனையிலும் வானம் பார்ப்பது பழக்கம். பெரும்பாலும் அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

பெஸ்தாரி ஜெயாவை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகும் லோரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அந்த மழையில் அண்ணன் கார்க் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, மின்கம்பிகளிலும் செம்பனைகளிலும் தேடினார். இருக்கையெல்லாம் தண்ணீர். சாலை தெரியவில்லை, மூடுங்கள் என்று கத்திவிட்டேன். என்னைவிட வயதில் மூத்தவர், உடனே மூடினார். கத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. மாரி அண்ணன் கடையில் ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்டோம். பன்னிரண்டு மணியிலிருந்தே இதே கதி, காற்றில் கூரைத் தகடே பறந்துவிட்டது என்றார். எங்கள் புறா கிளம்பிய அரைமணியில்.

கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையின் குறுக்கே மரம் விழுந்திருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. நாலரைக்குப் போன் வந்தது. அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஏங்க, ஆணு எந்திரிச்சி மேல போயி ஒக்காந்துக்கிச்சி. முட்டை சும்மா கெடக்கு."

"பெட்டை?"

"வரல."

"அப்ப விடு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா?" என்று அண்ணி கேட்டார். பேச்சு அறுந்துவிட்டது. அண்ணன் திரும்பப் போட்டார், மணி அடித்தது, அண்ணி எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. மரத்தை அறுத்து வழிவிட்ட பிறகும் போட்டுக்கொண்டே வந்தார். அண்ணி கோபித்துக்கொண்டாரா, வழுக்கி விழுந்துவிட்டாரா, ஒன்றும் புரியவில்லை.

ஆறு மணிக்கு வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாருமில்லை. பின்பக்கம் ஓடினோம்.

கலா அண்ணி கூண்டுக்குள் இருந்தார். கவிழ்த்த சாய டப்பாவின்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பொத்தி நெஞ்சோடு வைத்திருந்தார். தோளில் புறா எச்சம். கைப்பேசி காலடியில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"போன எடுக்க எனக்கென்ன மூணாவது கையா இருக்கு?" என்றார். பிறகு மெதுவாக, "முட்டைக்குள்ளாற கொத்துதுங்க" என்றார்.

குணா அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார்.

இருட்டுவதற்குச் சற்று முன் பெட்டை வந்தது. கூண்டுக்கு வரவில்லை, அண்ணியின் துணிக்கொடியில் உட்கார்ந்தது. வால் பாதி இல்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்துக் கூட்டுக்குள் ஏறியது. அண்ணி முட்டைகளை ஒவ்வொன்றாக அதன் வயிற்றடியில் வைத்தார். மறுநாள் காலை ஒன்று பொரித்தது. மற்றது பொரிக்கவே இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் செகிஞ்சானில் நெரிசல். பாகானில் கடைகள் சில சீக்கிரம் அடைத்துவிடும், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். நாங்கள் போன வழியில் டோல் கட்டணம் இல்லை. பெஸ்தாரி ஜெயா சாலையில் மழை பெய்தால் கடைப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், லோரியோடு போட்டி போடாதீர்கள்.

போன ஞாயிறு குணா அண்ணன் வேறொரு புறாவோடு மறுபடி கிளம்பினார். அதே பாகான், அதே என் கார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானம் கண்ணாடி போல இருந்தது. பெட்டியின் கொக்கியில் அவர் கை வைத்தபோது போன் அடித்தது. அண்ணிதான். மாரி அண்ணன் கடைக்குத் தானே போன் போட்டுக் கேட்டாராம்.

"அங்க மழ கட்டியிருக்காம். தொறக்காதீங்க."

பெட்டியைத் திறக்காமல் நூற்று இருபது கிலோமீட்டர் திரும்பி வந்தோம். வாசலில் அண்ணி நின்றிருந்தார். எங்களைப் பார்ப்பதற்கு முன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.