முழந்தாளிட்டபோது தெரிந்த பொத்தான்

கோவில்பத்து வீட்டில் இருந்தபடி அதன் ஒலியை ஹெட்போனில் கேட்டு, பிடித்துப்போய் என் பேஸ் கிடாருக்கு ஒரு ப்ரீஆம்ப் பெடல் வாங்கினேன். அது ஒலியைச் சீராக்கி, என் ஸ்பீக்கருக்கும் மைக்செட்டுக்கும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும்.

தேவாலயத்தில் தங்கையின் திருமணப் பூசையில் தூணுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே உட்கார்ந்து வாசித்தேன்.

"தம்பி, காதை அடைக்குது, கொறைங்க" என்றார் பக்கத்தில் பாடிய ஸ்டெல்லா அக்கா. பெடலின் ஒலிக் குமிழைக் குறைத்தேன். வெளியே கேட்கவில்லை என்று மைக்செட்காரர் கையை உயர்த்தினார். கூட்டினேன். அக்கா முறைத்தார். எழுந்து போகவும் வழியில்லை.

பாதிரியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தில் எல்லோரும் முழந்தாளிட்டபோதுதான் பெடலின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. அதை அழுத்தினால், மைக்செட்டுக்குப் போகும் ஒலியை என் குமிழ்கள் மாற்றாது. பீடத்தில் மணியடித்த சத்தத்தோடு அழுத்திவிட்டேன். அதன்பிறகு குமிழைக் குறைத்தபோது அக்காவும் முறைக்கவில்லை, மைக்செட்காரரும் கையை உயர்த்தவில்லை.

இப்போது கடையில் இரண்டு வழிக்கும் தனித்தனியாக இரண்டு ஸ்பீக்கர் மாட்டச் சொல்லித்தான் பெடல் பார்க்கிறேன். கடைக்காரர் சிரிக்கிறார். அவர் அந்தத் தூணோரம் உட்கார்ந்ததில்லை.