ஆடிய மடக்குக் கத்தி

எனக்கு எழுபது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். ஊர் பள்ளங்கி. பூண்டுச் செடியின் தண்டான தாளை அறுக்கப் பழனியில் ஒரு மடக்குக் கத்தி பார்த்தேன். விரித்தால் அலகு இடமும் வலமும் ஆடியது. கேட்டதற்குக் கடைக்காரர், "மடக்குக் கத்தின்னா ஆடத்தான் செய்யும் ஆத்தா. ஆடக்கூடாதுன்னா அருவாமனை வாங்குங்க" என்று சிரித்தார். ரோஷத்தில் வாங்கிவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் விரித்து விரித்துப் பார்த்தேன், மனசு நிலைகொள்ளவில்லை.

மறுநாள் மருமகள் தாள் அறுக்க அதை எடுத்துவிட்டாள். "வெரசா கீழ வையிடி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், முரட்டுத் தாளில் சிக்கிய அலகு அவள் விரல்மேல் மடங்கியது. பூண்டு எரிச்சல் படாமலிருக்க விரலில் சுற்றியிருந்த துணி கிழிந்தது, விரல் தப்பியது.

இப்போதெல்லாம் அலகு நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தே வாங்குகிறேன். துளி ஆடினாலும், "மொதல்ல உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க தம்பி" என்று வைத்துவிடுவேன்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். அந்தக் கடைக்காரரோட அருவாமனைப் பேச்சை விட்டுராம, ஒருக்கா சத்தமா வாசி.