மெஷின் வராத ஹேண்ட்ஸ்ஃப்ரீ

ஹேண்ட்ஸ்ஃப்ரீ வாங்க வருகிற இளம் பொடியன்மார் எல்லாரும் முதலில் கேட்பது "பேஸ் இரிக்கா?" என்றுதான். அடிச் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்கிறவர் என் வீட்டுக்காரர்.

கல்முனை பஸாரில் எங்களுடையது சின்னக் கடை. ஃபோன் கவர், சார்ஜர், காதில் மாட்டுகிற வகைகள் எல்லாம் இருக்கும். முன்னால் அவர் நிற்பார். பின்னால் ஒரு திரை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அதில் நான். கொழும்பிலிருந்து புதுப் பெட்டி வந்தால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் பிரித்து என்னிடம் தருவார். நான் கேட்டுப் பார்த்து எது நல்லது, எது குப்பை என்று சொல்வேன். அதன்படி அவர் அடுத்த தடவை கூட்டியோ குறைத்தோ எடுப்பார்.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டதில் உள்ள வித்தியாசம்தான் தெரியாது. மட்டமானதையும் விலை கூடியதையும் மாறி மாறிக் கொடுத்தாலும் "ரெண்டும் நல்லந்தானே" என்பார். கறியில் உப்பில்லாத நாளிலும் அப்படித்தான் சொல்வார். அதனால் எனக்கு நன்மையும் உண்டு, குறை சொல்ல மாட்டேன்.

மற்றவர்கள் ஹேண்ட்ஸ்ஃப்ரீயைப் பாட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்டுப் பழக்கமில்லை. அதைப் பற்றி யாரோடும் வாதாடுகிற ஆள் நான் இல்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். அதனால் எனக்கென்று மூன்று சத்தங்களை ஃபோனில் வைத்திருக்கிறேன். ஒன்று குர்ஆன் ஓதுதல். ஆயத்து முடிந்து ஓதுகிறவர் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அது தேறாது. அடுத்தது எங்கள் குசினிக் கூரைத் தகரத்தில் விழுந்த மழை. மட்டமான ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் அது அப்பளம் பொரிகிற சத்தமாக வரும். மூன்றாவது, சம்மாந்துறைப் பக்கம் வாப்பாவின் வயலில் வேளாண்மை வெட்டிய, நெல் அறுக்கிற மெஷின். வரம்பில் நின்று நானே பதிந்தேன். தூரத்தில் உறுமிக்கொண்டு வந்து, என்னைக் கடக்கும்போது காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது. அந்த அதிர்வு காதுக்குள் வந்தால் பேஸ் இருக்கிறது என்று அர்த்தம். "மெஷின் வருகுது" என்பேன், அவர் விளங்கிக்கொள்வார்.

போன வருடம் வந்த ஒரு பெட்டியில் கறுப்பு வயரோடு மெலிந்த ஒரு வகை இருந்தது. விலையும் குறைவு, பார்க்கவும் அப்படியொன்றும் விசேஷமில்லை. மாட்டினேன். மெஷின் நெஞ்சுக்குள்ளேயே வந்து நின்றது. திரையை விலக்கி, "இஞ்சருங்க, இதக் கண்ணை மூடிட்டு எடுங்க" என்றேன். அவரும் எடுத்தார், நிறையவே எடுத்தார். ஒலுவில் கேம்பஸ் பிள்ளைகள், கராஜ் பொடியன்மார், மருதமுனையில் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும், எனக்கு மூத்த ராத்தா, அவள் பேச்சைக் கேட்டு அவளோடு படிப்பிக்கிற டீச்சர்மார் என்று எல்லாரும் வாங்கினார்கள். "நாங்க கேட்டுப் பாத்துத்தான் தாறம்" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்வார். அந்த "நாங்க" எனக்குப் போதுமாயிருந்தது.

முதலாவதாகத் திரும்பக் கொண்டுவந்தவன் ஒரு கராஜ் பொடியன். "என்ன காக்கா இது, தகரப் பேணிக்குள்ள இரிந்து கதைக்கிற மாதிரி இரிக்கி" என்றான். என் வீட்டுக்காரர் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியப் போகிறது. கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "என்ட பொஞ்சாதிதான் நல்லம் எண்டு சொன்னா" என்றார்.

திரைக்குப் பின்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்கும்போது "நாங்க", திரும்பி வரும்போது "பொஞ்சாதி". அந்தப் பொடியன் போனதும் அதை வாங்கி மாட்டிப் பார்த்தேன். மெஷின் கணீரென்று வந்தது. "இதுல ஒரு குறையும் இல்ல. அவன்ட காதுக்குள்ள கிறீஸ் போயிரிக்கும்" என்று சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் அவன் ஒருவனோடு முடியவில்லை. கேம்பஸ் பொடியன்மார் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசல் வீதியில் தையல் கடை வைத்திருப்பவர் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் நான் ஸ்டூலில் இருந்து கேட்டேன், ஒவ்வொன்றிலும் மெஷின் வந்தது. கடைசியில் என் வீட்டுக்காரரின் தம்பி ஒன்றை எடுத்து மாட்டினார். தூங்கும்போதும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்குகிற ஆள் அவர். ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. "மதினி, இதுல பேஸ் எண்டு ஒண்டுமே இல்ல. நீங்க எதக் கேட்டுட்டுச் சொன்னீங்க?" என்றார்.

அன்று கடையைப் பூட்டும்போது என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த பெட்டிய தம்பி பாக்கட்டும் புள்ள. நீ வீட்டுல கொஞ்சம் ரெஸ்டா இரியன்."

எனக்கு ரெஸ்ட் தேவை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஸ்டூல் போனால் எனக்கு அந்தக் கடையில் வேறு வேலை கிடையாது. வீட்டுக்கு வெளியே என் சொல்லைக் கேட்டு ஒரு காரியம் நடந்த இடம் அது ஒன்றுதான். அதைப் பறித்துவிட்டு ரெஸ்ட் என்று பெயர் வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. திருப்பிக் கொண்டுவந்த அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட வரவில்லை. ராத்தாவுக்கு ஃபோன் எடுத்து, "உங்கட ஹேண்ட்ஸ்ஃப்ரீ எப்படி இரிக்கி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தானேகா இரிக்கி. பஸ்ஸுல போகக்குள்ள வேற ஒரு சத்தமும் கேக்காது. ஏன் கேக்காய்?"

எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். பெண்பிள்ளை பார்த்துத் தேர்ந்தது என்று தெரிந்ததும் இந்த ஆண்களுக்கு அதில் ஓட்டை தெரிகிறது. சோறு போடும்போது அதையே அவரிடம் சொன்னேன். முதலாவது பொடியன் அது தெரியாமலேதான் கொண்டுவந்தான் என்பதை வசதியாக விட்டுவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். கறியில் உப்புக் கூடியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

என் வழக்கு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. பாண்டிருப்பிலிருந்து ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். ராத்தாவோடு படிப்பிக்கிறவர், ராத்தா சொல்லித்தான் வாங்கியிருந்தார். தலையில் மல்லிகைச் சரம், கையில் அந்தக் கறுப்பு வயர். என் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"குறை நினைக்காதீங்க தங்கச்சி. எங்கட ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இது நல்லம் எண்டுதான் சொல்லுறாங்க. எனக்கு மட்டும் ஏனோ சத்தம் மெலிசாக் கேக்குது. என்ட காதுலதான் பிழையோ தெரியா."

அவரிடம் கோபப்பட ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் ஆணில்லை, என்னை மட்டம் தட்ட வந்தவருமில்லை. வேறொன்றை மாற்றிக் கொடுத்துவிட்டு, அவர் தந்ததையும் பெட்டியிலிருந்து புதியது ஒன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு அன்று நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

குளித்துவிட்டுத் தலைமயிரைக் காயவிட்டபடி கட்டிலில் இருந்து அதை மாட்டினேன். ஓதுகிற குரல் தெளிவாக வந்தது, மூச்சும் கேட்டது. மழையைப் போட்டேன். அப்பளம் பொரிந்தது. மெஷினைப் போட்டேன். எங்கோ பக்கத்து வயலில் ஒரு வண்டு பறக்கிற மாதிரி இரைந்துவிட்டுப் போயிற்று. கூட்டி வைத்தேன், வண்டு பெரிதாயிற்று, மெஷின் வரவில்லை. கூடக் கொண்டுவந்த புதியதை எடுத்து மாட்டினேன். அதிலும் வண்டு.

எனக்குப் பயமாகிவிட்டது. கடையில் கேட்டது என்ன, இப்போது கேட்பது என்ன? அவர்கள் எல்லாரும் சொன்னது சரி என்றால் இவ்வளவு நாளும் நான் சொன்னதெல்லாம் வெறும் மனப்பிராந்தியா? உப்புத் தெரியாத மனிதரைக் கேலி செய்துகொண்டிருந்த எனக்கே காது தெரியாமல் போய்விட்டதா? அழுகை வந்தது. அழவில்லை என்று சொன்னால் பொய்.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டடியில் மீன்காரரின் ஹோர்ன் அடித்தது. காதில் இருந்ததைக் கழற்றவோ ஓடிய பதிவை நிறுத்தவோ நினைவில்லாமல், ஃபோனை இடுப்பில் செருகி, உள்ளுக்குப் போடுகிற இறுக்கமான தொப்பியை மாட்டி, அதன் மேல் ஸ்காஃபைச் சுற்றிக் குத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

படியில் கால் வைக்கவும் மெஷின் வந்தது. வாப்பாவின் வயலில் வந்த அதே மெஷின், மண் அதிர அதிர.

அப்படியே நின்றுவிட்டேன். "கீரி மீன் நல்ல புதுசு ராத்தா, எவ்வளவு போட?" என்று மீன்காரர் கேட்டார். நான் விரலை ஸ்காஃபுக்குள் விட்டுக் காதுக்கு மேல் கொஞ்சம் தளர்த்தினேன். மெஷின் போய் வண்டு வந்தது. விரலை எடுத்தேன். மெஷின். மறுபடி தளர்த்தினேன். வண்டு.

மீன்காரர் தராசைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன ராத்தா, காதுக்குள்ள பூச்சி கீச்சி போயிட்டா?"

"இல்ல, மெஷின் வருகுது" என்றேன். பாவம் அந்த மனுசன், திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

அன்று தேவைக்கு மேல் மீன் வாங்கினேன். கழுவி வைத்துவிட்டு அந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் நுனி ரப்பரை அமத்திப் பார்த்தேன். கட்டை மாதிரி இறுக்கம், அளவிலும் சின்னது. தானாகக் காதின் ஓட்டையை அது மூடாது. சின்ன இடைவெளி இருந்தால் போதும், முதலில் ஓடிப்போவது அடிச் சத்தம்தான். தொப்பியும் ஸ்காஃபும் வெளியிலிருந்து அமத்தும்போது ரப்பர் உள்ளே போய் இறுகுகிறது, சத்தமும் உள்ளேயே நிற்கிறது. கடையில் ஸ்காஃப் இல்லாமல் நான் ஒருநாளும் இருந்ததில்லை. ராத்தாவும் மற்ற டீச்சர்மாரும் பஸ்ஸில் அப்படித்தான் போவார்கள். மல்லிகைச் சரத்தோடு வந்த டீச்சருக்கு மட்டும் அந்த வசதி இல்லை. ஆண்களில் ஒருவருக்குமே இல்லை.

பின்னேரம் அவரும் தம்பியும் ஒன்றாக வந்தார்கள். தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்னால் அவரைக் கதிரையில் இருத்தி ஹேண்ட்ஸ்ஃப்ரீயை மாட்டி மெஷினைப் போட்டேன். "என்ன கேக்குது?"

"மெஷின்தான். எப்பயும் போலத்தான்."

கொடியில் கிடந்த என் இன்னொரு ஸ்காஃபை எடுத்து அவர் தலையைச் சுற்றினேன். "இஞ்ச, என்ன செய்றாய், விடு புள்ள, ஆரும் கண்டா" என்று திமிறினார். விடவில்லை. காதோடு சேர்த்து இறுக்கிக் குத்தினேன். தம்பி சிரித்துச் சிரித்து ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார். தாடியும் பூப்போட்ட ஸ்காஃபுமாக என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டிருந்தார். பிறகு காலைத் தரையிலிருந்து தூக்கினார்.

"அல்லாவே, மெஷின் வருகுது!"

உப்புத் தெரியாத மனிதருக்கே தெரிந்துவிட்டது. தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு, ஹேண்ட்ஸ்ஃப்ரீயையும் தலை துடைக்கிற துவாயையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வரும்போது தலைமயிர் கலைந்திருந்தது. "ஓம் மதினி. இரிக்கி" என்றார். எனக்கு அது போதும்.

மிச்சமிருந்தவற்றுக்கு மெத்தென்ற பெரிய ரப்பர் வாங்கி மாட்டினோம். அதற்குப் பிறகு கராஜ் பொடியனுக்கும் மெஷின் வந்தது. பாண்டிருப்பு டீச்சருக்கு நானே ஃபோன் எடுத்து, பிழை உங்கள் காதில் இல்லை என்று சொன்னேன். அடுத்த பெட்டி வந்தபோது அவர் அதைத் தம்பியிடம் கொடுக்கவில்லை, எனக்குச் சொல்லவும் இல்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இப்போது எதையும் இரண்டு முறை கேட்கிறேன். கடையில் ஸ்காஃபோடு ஒருமுறை, வீட்டில் தலைமயிரை விரித்துவிட்டு ஒருமுறை. வயர் இல்லாத இயர்பட்ஸ் சிலது வெறுங்காதில் அருமையாக இருக்கும். ஸ்காஃபுக்குள் போட்டால் ளுஹர் தொழுகை முடிந்து அஸர் வருவதற்குள் காதுமடல் கன்றிப்போகும். இணையத்தில் இதையெல்லாம் பார்த்துப் பார்த்து விளக்குகிறவர்கள் எத்தனையோ பேர். ஒருவராவது தலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்ததாக நான் காணவில்லை.

போன கிழமை ஹெல்மட்டைக் கையில் பிடித்தபடி ஒருவன் வந்தான். வழக்கமான கேள்விதான், "பேஸ் இரிக்கா?"

"ஆருக்கு எடுக்கிறீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "உங்களுக்கெண்டா இது. வீட்டுல பொம்புளப் பிள்ளையளுக்கெண்டா அது. ஸ்காஃபுக்குள்ள அதுதான் நல்லம்."

அவன் சிரித்தான். "இதென்ன காக்கா புதுக்கதை? ஆர் சொன்ன?"

திரைக்குப் பின்னால் என் காதில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

"என்ட பொஞ்சாதிதான் நல்லம் எண்டு சொன்னா" என்றார் அவர்.

அன்றைக்குச் சொன்ன அதே வசனம்தான், ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. நான் மெஷினைத் திரும்பப் போடவில்லை. அந்தப் பொடியனுக்குச் சரியாகக் கேட்காமல் போய், ஆர் சொன்னது என்று இன்னொரு தரம் கேட்க மாட்டானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.